கடலுக்குப் போகலாம், மணி பார்த்துப் போவோம்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தக்காரர்கள் பினாங்குக்குக் கிளம்பிவிடுவார்கள். காரிலிருந்து பையை இறக்குவதற்கு முன்பே பிள்ளைகள் "பத்து ஃபிரிங்கிக்கு எப்பப் போறோம்?" என்று ஆரம்பித்துவிடும். பத்து ஃபிரிங்கி, தீவின் வடக்குக் கரையில் இருக்கிற பேர்போன கடற்கரை, அதன் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கடலுக்குப் போவது என்றால் கடலில் இறங்கிக் குளிப்பது என்று பாதிப் பேர் நினைக்கவே மாட்டார்கள். காற்று வாங்கப் போவார்கள், சாப்பிடப் போவார்கள், தூண்டில் போடப் போவார்கள், ஃபெர்ரியில் ஏறிச் சும்மா அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். தண்ணீரில் கால் நனைப்பதோடு சரி.

காரணம் இருக்கிறது. மலாக்கா நீரிணை அவ்வளவு ஆழமில்லாத கடல். போதாக்குறைக்கு மூடா ஆறும் பிறை ஆறும் எதிர்க்கரையிலிருந்து வண்டலைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. கிழக்குக் கரைத் தீவுகளில் பார்க்கிற அந்த நீலம் இங்கே கிடையாது, பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம்தான். வடக்குக் கரையில் சொறிமீன் எச்சரிக்கைப் பலகை இருக்கும், அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, பெட்டிச் சொறிமீன் என்கிற பொல்லாத வகையும் இந்தக் கடலில் உண்டு. கடல் பார்த்த வீடு வேண்டும் என்று தஞ்சோங் பூங்கா என்கிற கடலோரப் பகுதியில் அடுக்குமாடியில் இடம் எடுத்துவிட்டு, பிள்ளைகளை நாள் முழுக்க அந்தக் கட்டடத்து நீச்சல் குளத்திலேயே விட்டுவைக்கும் என் அத்தை மகனை நான் கிண்டல் செய்ய மாட்டேன். விவரமானவன்.

இன்னொன்று, நேரம். இந்தத் தீவில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றிய நேரத்தில் கர்னி டிரைவ் என்கிற கடலோரச் சாலைப் பக்கம் போய் நின்றால் கடலைக் காணோம், வெறும் சேறு, அதில் வெயிலும் சேர்ந்தால் ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், சாப்பிட்டதெல்லாம் மேலே வந்துவிடும். அதே இடத்துக்கு வெயில் தாழ்ந்து, தண்ணீர் ஏறி முடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனால் வீட்டுக்குத் திரும்ப மனசு வராது. ஒருத்தர் "கர்னியா, நாத்தம்" என்பார், இன்னொருத்தர் "கர்னி மாதிரி வருமா" என்பார், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தண்ணீர் ஏறும் நேரம் காட்டும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் தூண்டில்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சூரியனும் அப்படித்தான். மாலைச் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க, கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமாவுக்குப் போகிற ஆட்கள் உண்டு. அங்கே கடல் இருப்பது வடக்கிலும் கிழக்கிலும். சூரியன் நம் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அங்கே விடியலில் போக வேண்டும், எதிர்க்கரை மலைகளுக்கு மேலே எழும்பி வருவதைப் பார்க்கலாம். மறைவதைப் பார்க்க ஆசையா, தீவின் மேற்குப் பக்கம் போங்கள். இல்லையென்றால் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் பாகான் ஆஜாம் பக்கத்துப் பந்தாய் பெர்சே கடற்கரைக்குப் போங்கள். பினாங்குத் தீவின் மலைகளுக்குப் பின்னால் சூரியன் போவதை அந்த மலைகளில் குடியிருக்கிற நாங்கள் பார்க்க முடியாது, அக்கரைக்காரர்கள் மீன் சுட்டுத் தின்றுகொண்டே பார்க்கிறார்கள்.

சரி, ஃபெர்ரிக்கு வருகிறேன். சில்லறைக் காசு கொடுத்துக் கடல் மேல் போய்வர இந்த நாட்டில் வேறு எங்கே முடியும் என்று தெரியவில்லை. 1894இலிருந்து ஏதோ ஒரு வகையில் ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெர்ரி ஓடிக்கொண்டிருக்கிறது. 1985இல் பாலம் வந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர். 2014இல் பத்து மாவுங் என்கிற ஊரிலிருந்து இன்னொன்று, 24 கிலோமீட்டர். பாலம் வந்தால் ஃபெர்ரி ஒழிந்துவிடும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். ஒழியவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஓடியது அந்த இரண்டு தட்டுப் பழைய ஃபெர்ரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர்: புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா, புலாவ் காப்பாஸ், புலாவ் உண்டான். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது மட்டும் காசு, திரும்பிப் போக இலவசம். தீவை விட்டுப் போகிறவனிடம் என்ன காசு வாங்குவது என்று நினைத்தார்களோ என்னவோ. பக்கவாட்டுச் சுவரே இல்லாத மாதிரித் திறந்து கிடக்கும், நீளமான பெஞ்சு, இஞ்சின் அதிர்வில் பல் லேசாக நடுங்கும், டீசல் வாடையும் உப்புக் காற்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கரையை நெருங்கும்போது மரத்தூண்களில் உரசி ஒரு முனகல் வரும் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இஞ்சினை முடுக்குவார்கள். அப்பா அப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரவு வேலை முடித்து வருகிற நாட்களில் அந்தப் பெஞ்சில்தான் தூக்கம். வீட்டில் வந்து படுத்தால் அவ்வளவு நன்றாகத் தூக்கம் வராது என்பார்.

2021 பிறந்ததோடு கார் ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புது ஃபெர்ரிகள் வந்தன, எல்லாவற்றுக்கும் தெலுக் என்று தொடங்கும் பெயர், ஆளையும் மோட்டாரையும் சைக்கிளையும் மட்டும்தான் ஏற்றும். வேகம், சுத்தம், குளிர்சாதனம், எல்லாம் சரிதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப சௌகரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழையதில் அடித்த காற்று இதில் அடிக்காது, அவ்வளவுதான் என் வருத்தம். ஆனாலும் விருந்தாளிகளை நான் முதலில் கூட்டிப்போவது இதில்தான். வேலை நேரக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு ஏற வேண்டும். சுவெட்டன்ஹம் துறையில் உல்லாசக் கப்பல் நின்றால் அதன் பக்கத்தில் நம் ஃபெர்ரி பொம்மையாகிவிடும். இந்தப் பக்கம் சியூ, லிம், டான் என்று சீனக் குடும்பப் பெயர்களில் தூண்கள் மேல் நிற்கும் பழைய மரவீடுகள், பின்னால் கொம்தார் கோபுரம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. இறங்கி ஒரு தே தாரிக் தேநீர் குடித்துவிட்டு அடுத்ததில் ஏறித் திரும்ப வேண்டியதுதான். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி, பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கி அப்படியே நடந்து ஃபெர்ரிக்குப் போய்விடலாம். பாலத்தில் காரில் வந்தால் பினாங்குக்கு வந்த மாதிரியே இருக்காது என்பது என் கட்சி.

எங்கள் தாத்தாவும் கடல் வழியாக வந்தவர்தான், ரஜூலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருடத்துக்கும் மேல் நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. துறைமுகக் கரையான வெல்ட் கீ பக்கம் நடக்கும்போதெல்லாம் என் பெரியப்பா அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு: குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் கும்பிடுவது, அது 1833இல் எழுந்த கோயில், அப்புறம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் பொடிநடையாகக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு பாடாங் கோத்தா. திடலில் பிள்ளைகள் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டு ஓடும், பெரியவர்கள் கடலோரச் சுவரில் உட்கார்ந்து கச்சாங் பூத்தே என்கிற கடலைக் கலவை கொறிப்பார்கள். யாரும் எதையும் வாங்கச் சொல்லி விரட்டாத இடம். அலை சுவரில் மோதும்போது திவலை மேலே தெறிக்கும் என்பதால் பட்டுப் புடவையோடு முன்வரிசையில் உட்காராதீர்கள், அவ்வளவுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

கர்னிக்கு வருவோம். முன்னே கடற்சுவர் ஓரம் சவுக்கு மரங்கள் வரிசையாக நின்ற காலம் ஒன்று உண்டு. இப்போது கடலைத் தூர்த்து, அதன் மேல் கர்னி பே என்று பூங்கா போட்டு 2024இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நடக்க இடம் தாராளம், தள்ளுவண்டியில் குழந்தையையோ சக்கர நாற்காலியில் பாட்டியையோ தள்ளிக்கொண்டு போகலாம், பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சுவரில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் கீழே கடல் இருக்கும். இப்போது அதே சுவரில் உட்கார்ந்தால் எதிரே புல்தரை. கடலைத் தொட இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும், மரங்கள் பெரிதாகிற வரைக்கும் மாலை ஐந்துக்கு முன்னே அந்த நடை ஒரு தண்டனை.

கர்னிக்கு ஆட்கள் வருவது முக்கால்வாசி பசெம்பூர் என்கிற பலகாரத் தட்டுக்குத்தான், அதை ஒளிப்பானேன். ஒட்டுக்கடையில் முதலில் கண்ணில் படுவது அந்தத் தட்டடுக்கு: இறால் வடை, தேங்காய் வடை, மாவில் முக்கிப் பொரித்த நண்டு, சோத்தோங் என்கிற கணவாய், அவித்த முட்டை, பொரித்த தௌஹூ என்கிற சோயாக் கட்டி, உருளைக்கிழங்கு, எல்லாம் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஒரு தட்டை எடுத்து நாமே பொறுக்கிப்போட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அதை வாங்கிப் பலகையில் வைத்து, கத்தி பலகையில் படுகிற சத்தம் ஒரே தாளத்தில் ஓட, துண்டு துண்டாக நறுக்குவார். நறுக்கும்போதே விலையும் அவர் மனசுக்குள் கூடிக்கொண்டிருக்கும், அது நமக்குக் கேட்காது. மேலே வெள்ளரியும் சிங்குவாங் கிழங்கும் ஊசி ஊசியாகச் சீவியது ஒரு கை. அப்புறம் அந்தச் சிவப்புக் குழம்பு. வெந்த சர்க்கரைவள்ளியை மசித்து, மிளகாய், வெல்லம், வறுத்துப் பொடித்த கடலை சேர்த்துக் கொதிக்கவிட்டது, கரண்டியிலிருந்து சொட்டாமல் தயங்கித் தயங்கி விழ வேண்டும், அதுதான் பக்குவம். சூடாக ஊற்றினால் அடியில் இருக்கிற மொறுமொறுப்பு இரண்டு நிமிடம்தான் தாங்கும், ஆகவே படம் எடுக்கிறவர்கள் தனித் தட்டு வாங்கிக்கொள்ளலாம். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிற விருந்தாளிகளிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நண்டிலும் சோத்தோங்கிலும் கை வைத்தால் காசு அங்கேதான் போகும். வடையும் தௌஹூவும் முட்டையும் போதும், ருசி குழம்பில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இந்தச் சத்தமெல்லாம் இல்லாத கிழக்குக் கரை. குயின்ஸ்பே மால் தெரியுமல்லவா, உள்ளே வார இறுதியில் கார் நிறுத்த இடமில்லாமல் ஜனம் அலையும். அதே கட்டடத்துக்கு வெளியே, சாலையைத் தாண்டினால் கடல். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஜெரெஜாக் தீவு, இடது பக்கம் முதல் பாலம். என் தாய்மாமாவுக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து அங்கேதான் வாசம். மோட்டாரில் ஒரு வாளி, மடக்கு நாற்காலி, இரண்டு தூண்டில், ஃபிளாஸ்கில் கோப்பி. தண்ணீர் ஏற ஆரம்பிக்கிறதுக்குச் சற்று முன்னே போய் உட்கார்ந்துவிடுவார். வற்றி முடித்துத் திரும்பி ஏறும் அந்த நேரத்தில்தான் மீன் கரைப்பக்கம் இரை தேடி வரும் என்பது அவர் கணக்கு. இறாலைத் தலை கிள்ளி, வால் பக்கமிருந்து முள்ளை நுழைத்து, முனை வயிற்றுப் பக்கம் லேசாக எட்டிப்பார்க்கிற மாதிரி மாட்டுவார். "முனை முழுசா மறைஞ்சா மீனு தின்னுட்டுப் போயிரும்டா, முழுசாத் தெரிஞ்சா கிட்டவே வராது" என்பார். எறிந்தபின் தூண்டிலைப் பார்க்கவே மாட்டார், நரம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதிகம் மாட்டுவது கெலாமா மீனும் கெளுத்தியும். கெலாமாவைக் கையில் பிடித்தால் கொர் கொர் என்று முனகும், அவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே முள்ளைக் கழற்றுவார். செம்பிலாங் என்கிற கெளுத்தி வகை மாட்டினால் மட்டும் முகம் மாறிவிடும். அதன் முள்ளில் விஷம், குத்தினால் ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு. செருப்புக் காலால் அழுத்தி, இடுக்கியால் பிடித்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார். சியாக்காப் என்கிற கொடுவா மாட்டுகிற நாள் பெருநாள், அன்றைக்கு அத்தைக்கு வீட்டுக்கு வருமுன்பே படம் போய்விடும். ஒன்றும் மாட்டாத நாட்களும் நிறைய. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா, அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார இளைஞன், மூன்று பேருக்கும் பேச்சு பெரும்பாலும் இறால் விலை பற்றித்தான்.

அங்கே உட்கார்ந்தால் ஜெரெஜாக் கண்ணிலேயே நிற்கும். இப்போது பச்சைப் பசேல் என்று காடாகத் தெரிகிற அந்தத் தீவில் ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள். கப்பலில் வந்த கூலிகளை ஊருக்குள் விடுமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்துவைத்ததும் அங்கேதான், நம் ஆட்கள் எத்தனையோ பேர் மலாயாவில் முதலில் கால் வைத்த மண் அது. 1969இலிருந்து 1993 வரை சிறைச்சாலை. பயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து படகு இருக்கிறது, போனால் காட்டில் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். மாமா இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்தும் அந்தப் பக்கம் போனதில்லை. "அங்க போனா இந்த இடத்தை எவனாவது புடிச்சுக்குவான்" என்பது அவர் காரணம்.

பாலத்துக்கு வடக்கே நடுக்கடலில் மிடில் பேங்க் என்று ஒரு திட்டு இருக்கிறது. கடற்புல் முளைத்துக் கிடக்கும், தண்ணீர் ரொம்ப வற்றும் நாட்களில் மேலே தெரியும், மட்டி பொறுக்கப் படகில் போகிறவர்கள் உண்டு. விரைவுச்சாலையில் நாள்தோறும் அதைத் தாண்டிப் போகிற பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வடக்குக் கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், மற்றவர்கள் அதை நிறைய எழுதிவிட்டார்கள். பத்து ஃபிரிங்கியில் பகல் முழுக்க ஜெட்ஸ்கி சத்தம், பாராசூட்டில் தொங்க ஆளைக் கூப்பிடுகிற சத்தம். மாலையானால் மணலில் நடக்கலாம், சூரியன் மறைவது அழகு, இருட்டியதும் சாலையோரம் இரவுக்கடை. பேரம் பேசத் தெரிந்த சித்தி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. மழைக்கால மேகம் கட்டினால் தஞ்சோங் பூங்காவிலேயே நின்றுவிடுங்கள், மலையோரச் சாலை ஒன்றுதான், ஒரு கார் பழுதானால் எல்லாரும் அங்கேயே.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. உணவுப் பொட்டலத்தோடும் பாயோடும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போயிருந்த நாள். சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் கிளம்பிய ஆழிப்பேரலை மதியம் இங்கே வந்தது. மலேசியாவில் உயிர்விட்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில். மேற்குக் கரையில் பாசிர் பாஞ்சாங்கில் குளித்துக்கொண்டிருந்தவர்களை வாரிக்கொண்டு போனது. சுமத்ரா மறைத்து நிற்கிறது, மலாக்கா நீரிணையில் அலை வராது என்று அதுவரைக்கும் எல்லாரும் நம்பியிருந்தோம். அதற்கு முன்பு கடற்கரைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் புளிச்சாதமும் கோழி வறுவலும் கட்டிக்கொண்டு, மணலில் பாய் விரித்து, மாலை வரை அங்கேயே கிடப்பதுதான். அம்மா எதிர்க்கரைச் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், வருடத்துக்கு ஒரு முறை லாரியில் தோட்டமே ஏறிக் கடலுக்கு வந்த கதையை இன்றும் சொல்வார். அந்த அம்மா 2004க்குப் பிறகு மணலில் பாய் விரிக்க விட்டதில்லை. சாலையோரத்துச் சிமெண்டு பெஞ்சு, கார் பக்கத்தில், அதுதான் கடைசி எல்லை. கடலைப் பார்த்து உட்காருவார், முதுகைக் காட்ட மாட்டார்.

அவரே மணலில் இறங்கி நிற்கிற ஒரு நாள் மாசி மகம். தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழா, பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் வரும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூடுகிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது, எனக்கு இதுதான் பிடிக்கும். கடலில் தொழில் செய்கிறவர்களின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கடலையே கோயில் குளமாக்கிக்கொண்ட திருவிழா. அம்மன் ஊர்வலமாகக் கரைக்கு வந்து, விளக்கலங்காரத்தோடு தெப்பத்தில் ஏறிக் கடலுக்குள் போகும்போது மேளமும் இஞ்சின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். பௌர்ணமியை ஒட்டி வருகிற நாள் என்பதால் தண்ணீரும் மேலேறி நிற்கும் நேரம் உண்டு, கரையில் இடம் குறுகிவிடும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காரில் போனால் எங்கேயோ நிறுத்திவிட்டு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். ஃபெர்ரி ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, தெலுக் பஹாங் வரை போகும் 101 பேருந்தில் போய்விடுவது உத்தமம்.

அதே தெலுக் பஹாங்கில்தான் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல். 2003இல் அறிவித்தது, நாட்டின் மற்றத் தேசியப் பூங்காக்களோடு பார்த்தால் கையளவு. பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று குரங்குக் கடற்கரைக்கும் அதைத் தாண்டி 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும், இன்னொன்று பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு. ஒரே நாளில் ஒன்றுதான் என்றால் கெராச்சுட். ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கி வியர்த்து ஊற்றிப் போய்ச் சேர்ந்தால் ஒரு விசித்திரமான ஏரி, மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். வறட்சி மாதங்களில் போனால் ஏரியே வற்றிக் கிடக்கும், ஏமாறாதீர்கள். ஆமை முட்டையிட வருகிற கரை அது, குஞ்சு பொரிக்கிற இடமும் அங்கே உண்டு. குளிக்கக் கூடாது, நீரோட்டம் பொல்லாதது. என் யோசனை: போகும்போது காலையிலேயே நடந்து போங்கள், திரும்பும்போது படகைப் பிடியுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு வழியும் படகு. ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்திருந்தால் படகுக்காரர் வர மாட்டேன் என்பார், அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், கடல் அவருக்குத்தான் தெரியும். நடக்கவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே எஸ்கேப் பூங்கா, 2019இல் உலகச் சாதனை வாங்கிய 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு அங்கேதான் இருக்கிறது, காசு போகும், பிள்ளைகள் ராத்திரி சீக்கிரம் தூங்கும்.

அக்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், புலாவ் அமானைச் சொல்லிவிடுகிறேன். பத்து காவானில் பத்து மூசாங் ஜெட்டியிலிருந்து படகு. கார் இல்லாத சின்னக் கம்பம், மணல் கடற்கரை என்று எதுவும் இல்லை, சுற்றிவர அதிக நேரம் ஆகாது, வயதான ஈரப்பலா மரம் ஒன்றைக் காட்டுவார்கள். எல்லாரும் போவது இறால் நூடுல்ஸான மீ ஊடாங்குக்கு, இறால் தலையை நசுக்கி எடுத்த சாறு குழம்பில் மிதக்கும், சட்டையில் பட்டால் போகாது. சாப்பிட்டுவிட்டு மர நிழலில் ஒரு தூக்கம். பொழுதுபோக்குக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

இப்போது நான் அடிக்கடி போவது தெற்கே, தெலுக் கும்பாரைத் தாண்டி கெர்த்தாக் சங்குல். சாலை அங்கே முடிந்துவிடும், அதற்கு மேல் மலைதான். அந்தப் பக்கம் போகும்போது பெர்மாத்தாங் டாமார் லாவுட் கரையிலிருந்து பார்த்தால் சிலிக்கன் தீவுக்காகக் கடலைத் தூர்க்கிற வேலை தெரியும், 2023இல் தொடங்கினார்கள். முதலில் மூன்று தீவு என்றார்கள், அப்புறம் ஒன்றாகக் குறைத்தார்கள். மீனவர்கள் வருடக்கணக்காக எதிர்த்தார்கள், வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். வேலை வாய்ப்பு வரும், தொழிற்சாலை வரும் என்கிறார்கள், வரலாம். மீன் குஞ்சு வளர்கிற சேற்றுக் கரையின் மேல் மண்ணைக் கொட்டிவிட்டு மீன் விலை ஏன் ஏறுகிறது என்று சந்தையில் சண்டை போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கெர்த்தாக் சங்குலுக்குக் காலையில் போக வேண்டும், படகு திரும்புகிற நேரம். வலையிலிருந்து எடுத்த கையோடு கரையிலேயே விற்பார்கள், என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரு நாள் வவ்வால் மீன், ஒரு நாள் வெறும் கெலாமா. மலாய் நாலு வார்த்தை தெரிந்தால் போதும், விலை படியும். ஐஸ் பெட்டியும் பழைய செய்தித்தாளும் கொண்டு போங்கள், கார் நாறினால் அடுத்த ஒரு வாரம் வீட்டுக்காரியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் தெலுக் கும்பாரில் பசியாறிவிட்டு வரலாம், ஒன்பது மணிக்கு மேல் போனால் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு தீர்ந்துவிடும்.